பாபநாசத்திலிருந்து சிங்கப்பூருக்கு: இன்சுலினோடு முதல் வெளிநாட்டுப் பயணம், யோசனை வேண்டும்

குடமுருட்டிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து நாளுக்கு நான்கு ஊசி. மூன்று வேளை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். இரவு ஒன்பதரை மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின், அது மட்டும் பேனா போன்ற ஊசிக் கருவியில்.

அலுவலகத்தில் 19 நாள் பயிற்சிக்குச் சிங்கப்பூர் அனுப்புகிறார்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. திருச்சியிலிருந்து நேராக விமானம். உடன் மூன்று பெண்கள் வருகிறார்கள். மூவருக்கும் என் நோய் தெரியாது.

நான் கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போனாலே அப்பா இரண்டு முறை போன் செய்வார். குறுவை நடவு வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு" என்கிறார். கோபமாகச் சொன்னால் சண்டை போடலாம். கலங்கிப்போய்ச் சொல்கிறார்.

இன்சுலினை எப்படிக் குளிர்ச்சியாக எடுத்துப்போவது? விமான நிலையத்தில் ஊசியைப் பிடுங்கிவிடுவார்களா? நேர வித்தியாசத்துக்கு என்ன செய்வது? போய் வந்தவர்கள் சொன்னால் அப்பாவிடம் படித்துக் காட்டுவேன்.

சிங்கையில் தஞ்சாவூரார்:
முதலில் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டம்மா. நான் 14 வருடமாக இங்கே இருக்கிறேன். என் மனைவிக்கும் டைப் 1 தான். வருடத்துக்கு ஒரு முறையாவது ஊருக்கு வந்து போகிறோம். ஒரு முறைகூட எவரும் ஊசியைப் பிடுங்கியதில்லை.

இன்சுலினை ஒருபோதும் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்காதே. கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் குளிர் உறைநிலைக்குப் போகக்கூடும். ஒரு முறை உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் உதவாது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் சரியாக வேலை செய்யாது. பெட்டி தொலைந்துபோனால் அது இன்னொரு கேடு.

மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உன் பெயர், நோய், மருந்துகளின் வேதிப் பெயர் (கடைப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்), சிரிஞ்ச், ஊசிமுனை, குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் எல்லாம் கையோடு வைத்திருக்க வேண்டியவை என்று ஒரு வரி, முத்திரை, கையெழுத்து. இரண்டு நகல். மருந்தை அட்டைப்பெட்டியோடும் பில்லோடும் எடுத்து வா. 100 மில்லி திரவக் கட்டுப்பாடு மருந்துக்குக் கிடையாது.

இன்னொன்று. அம்மா குழம்புப் பொடி, மசாலா என்று கட்டிக் கொடுப்பார்கள். கசகசா மட்டும் ஒரு பொடியிலும் இருக்கக் கூடாது. இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

வேதாரண்யம் அம்மா:
குளிர்ச்சியைப் பற்றிக் கேட்டாய், மகளே. என் பையனுக்கு 6 வயதில் இந்த நோய் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் தலைமேல் இறங்கியபோது அவனுக்கு 12 வயது. கம்பமெல்லாம் சாய்ந்து எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது. உள்ளே நான்கு குப்பி.

பெரிய மண்பானையில் பாதிக்கு ஆற்று மணல் போட்டேன். அதன் நடுவில் சின்னக் கலயம். குப்பிகளை நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கலயத்துக்குள் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடினேன். காலையும் மாலையும் மணலை நனைப்பேன். பானையின் வெளிப்பக்கத்தில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். இரவில் எழுந்து எழுந்து தொட்டுப் பார்ப்பேன். கரண்ட் வரும்வரை அந்த மருந்தைத்தான் போட்டேன். அவனுக்குச் சர்க்கரை ஏறவில்லை.

திறந்த குப்பி 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். உன் பயணமே 19 நாள். ஏசி அறையில் மேசைமேல் வைத்தாலே போதும். திறக்காததை மட்டும் ஃப்ரிட்ஜில் வை. எனக்குப் பயமெல்லாம் சிங்கப்பூரைப் பற்றி இல்லை, உன் ஊரிலிருந்து திருச்சி வரை வரும் வெயிலைப் பற்றித்தான். வழியில் சாப்பிட இறங்கும்போது பையைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதே. ஐஸ் கட்டியை மருந்தோடு ஒட்டி வைக்காதே. ஈரத்தில் நனைத்துக் குளிர்விக்கும் பைகள் இப்போது விற்கிறார்கள். எங்கள் பானையின் தத்துவம்தான் அதிலும்.

திருவாரூர் மருந்துக்கடை:
எல்லோரும் குளிர்ச்சியைப் பேசுகிறீர்கள். நான் 20 வருடமாகக் கடை வைத்திருப்பவன். எனக்கு வேறு ஒரு கவலை. பாப்பா, நீ சிரிஞ்சில் எடுப்பதாக எழுதியிருக்கிறாய். உன் குப்பியை இப்போதே எடுத்துப் பார். பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று போட்டிருக்கும். உன் சிரிஞ்சின் மூடி சிவப்பாக இருக்கும். இது நம் நாட்டு வழக்கம். நீ போகிற ஊரில் குப்பி என்றால் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம்.

இங்கிருந்து கொண்டுபோன மருந்து உடைந்துவிட்டது, அங்கே ஒரு குப்பி வாங்குகிறாய் என்று வைத்துக்கொள். கையில் இருப்பது நம் சிவப்பு மூடி சிரிஞ்ச். வழக்கம்போல் 10 என்ற கோடு வரை இழுக்கிறாய். அந்தக் கோடு கால் மில்லி. 100 யூனிட் மருந்தில் கால் மில்லி என்றால் 25 யூனிட். பத்து போட வேண்டிய இடத்தில் இருபத்தைந்து! சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளையே சாய்த்துவிடும். மாற்றிச் செய்தால், அதாவது நம் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 4 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் புரியாது.

என் கடைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு சிரிஞ்சையும் கல்லாமேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் 10 வரை தண்ணீர் இழுத்துக் காட்டுவேன். ஒன்றில் தண்ணீர் நன்றாகத் தெரியும். மற்றதில் அடியில் கொஞ்சம் நிற்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

உனக்கு இரண்டு மாதம் இருக்கிறது. மருத்துவரிடம் போய், சாப்பாட்டு இன்சுலினையும் பேனாவுக்கு மாற்றலாமா என்று கேள். பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜ் இங்கேயும் 100 யூனிட்தான். மாற்றுவதானால் இந்த வாரமே மாற்ற வேண்டும். புது மருந்தோடு உடம்பு பழக நாள் வேண்டும். புறப்படும் வாரத்தில் மாற்றாதே.

மாயவரத்து அண்ணன்:
மருந்துக்கடைக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள், தங்கச்சி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடும் ஊசி விமானத்தில் ஆபத்து. வண்டியை வரிசைக்கு வரிசை தள்ளிக்கொண்டு வருவார்கள், வந்துவிட்டது என்று நினைத்து ஊசி போட்டுவிடுவாய், அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கும், எல்லோரும் உட்காருங்கள் என்பார்கள். எனக்கு நடந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் பையிலிருந்த கடலைமிட்டாயை வாங்கித் தின்று சமாளித்தேன். தட்டு மடிமேல் வந்த பிறகே ஊசி. விரைவாக வேலை செய்யும் இன்சுலினுக்கு மாறினால் இது சுலபம்.

மேலே போகும்போது காற்றழுத்தம் மாறுவதால் பேனாவுக்குள் குமிழி வரும். ஊசிமுனையைக் கழற்றி வை. போடும் முன் இரண்டு யூனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுப் போடு. முன்பதிவில் சர்க்கரை நோயாளிக்கான சாப்பாடு என்று ஒன்று இருக்கும். அதைக் கேட்காதே. அதில் மாவுச்சத்து குறைவாக இருக்கும். நமக்கு வேண்டியது சாதாரணச் சாப்பாடும் சரியான கணக்கும்தான்.

வலங்கைமான் பெரியவர்:
இத்தனை ஊசி, இத்தனை பயம் எதற்கு? வெந்தயமும் பாகற்காய்ச் சாறும் ஒரு மண்டலம் எடுத்தால் சர்க்கரை கட்டுப்படும். என் மைத்துனர் மாத்திரையையே விட்டுவிட்டார். ஊர் போகும்போது ஊசியைக் குறைத்துப் பழகு அம்மா.

குடவாசல் ஆசிரியர்:
ஐயா, வயதில் மூத்தவர் என்பதால் பணிந்து சொல்கிறேன். ஆனால் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மைத்துனருக்கு இருந்தது வேறு நோய். அவர் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, போதவில்லை அல்லது சரியாக வேலை செய்யவில்லை. இந்தப் பெண்ணின் உடம்பில், இன்சுலின் சுரக்கும் செல்களை அவள் நோய் எதிர்ப்பு அமைப்பே அழித்துவிட்டது. இனிப்புத் தின்று வந்ததில்லை, எவர் செய்த தவறும் இல்லை. அவள் ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, வாந்தியும் மூச்சிரைப்புமாக ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து வரும்.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தை உருகிச் சாவதைப் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் வீட்டில், பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு மூன்று நாள் ஊசியை நிறுத்தினார்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வலங்கைமான் பெரியவர்:
இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். தெரியாமல் சொல்லிவிட்டேன். நீ ஊசியைக் குறைக்காதே அம்மா.

மன்னார்குடி அத்தை:
நான் ஒரு பெண்ணுக்குத் தாயாகச் சொல்கிறேன். கூட வருகிற பெண்களிடம் எதையும் சொல்லாதே. இன்றைக்குத் தோழி, நாளைக்கு அவள் சித்தி உன் வீட்டுக்கு வரன் கொண்டு வருவாள். நம் பக்கத்தில் பேச்சு எப்படிப் பரவும் என்று உனக்குத் தெரியும். குளியலறையில் போய் ஊசி போட்டுக்கொள். 19 நாள்தானே.

வேதாரண்யம் அம்மா:
அத்தை, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான் என் பையனிடம் சொல்லி அனுப்பினேன். கல்லூரி விடுதியில் சேர்த்தபோது, "உன் பாட்டுக்குப் போட்டுக்கொள், யாரிடமும் சொல்லாதே" என்றேன். அவன் சொல் கேட்கிற பிள்ளை, சொல்லவில்லை. விளையாட்டுப் போட்டி முடிந்து வந்து அசதியில் படுத்தவன் காலையில் எழவில்லை. அறைத் தோழன் நல்ல தூக்கம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டான். பாத்திரம் கழுவ வந்த அம்மாள் எதற்கோ எட்டிப் பார்த்திருக்கிறாள். சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்ததாம். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 31. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு.

அந்தத் தோழனுக்கு என்மேல் வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. "எனக்குத் தெரிந்திருந்தால் நான் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பேனா, அம்மா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

சொல்லிவிடு மகளே. மூவரிடமும் முடியாவிட்டால் உன் அறையில் தங்குகிறவளிடமாவது சொல். வரன் எல்லாம் பிறகு.

குடவாசல் ஆசிரியர்:
சொல்வது என்றால் நோயின் பெயரை மட்டும் சொல்வதில்லை. கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிந்து விழுவேன், அப்போது என்னோடு வாதாடாதே, சர்க்கரை கொடு என்று சொல். 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு சர்க்கரையோ குளுக்கோஸோ. 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதனை. ஏறவில்லை என்றால் மறுபடியும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. அந்த எண்ணை அவள் போனில் நீயே பதிந்து கொடு.

குடமுருட்டிக்கரை:
இரவு முழுவதும் வேதாரண்யம் அம்மா எழுதியதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கல்லூரி நாட்களிலும் யாருக்கும் தெரியாது. கழிவறையில் நின்றுகொண்டுதான் ஊசி போடுவேன். அங்கே குப்பியைக் கீழே வைக்கக்கூட இடம் இருக்காது. பல்லால் மூடியைப் பிடித்துக்கொள்வேன். அத்தை, தவறாக நினைக்காதீர்கள், அதற்குத் திரும்பப் போக மாட்டேன்.

மருத்துவரைப் பார்த்துவிட்டேன். சாப்பாட்டுக்கும் பேனா கொடுத்துவிட்டார். சிரிஞ்சை அவசரத்துக்கு என்றுகூடக் கொண்டுபோக வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். அதற்குப் பதில் பேனா இரண்டிரண்டாக. நேர வித்தியாசம் இரண்டரை மணிதான் என்பதால் பெரிய மாற்றம் வேண்டாம் என்கிறார். இரவு ஊசியை இங்கத்தி ஒன்பதரைக்கே, அதாவது அங்கே நள்ளிரவு 12 மணிக்குப் போடலாம் என்றார். காலை எட்டு மணிக்குப் பயிற்சி. நள்ளிரவுவரை விழித்திருக்க வேண்டுமே என்றேன். அப்படியானால் புறப்படும் முன்பே நாளுக்கு அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டு வா என்று அட்டவணை எழுதித் தந்தார்.

சிங்கையில் தஞ்சாவூரார்:
நல்ல மருத்துவர். இனி சாப்பாடு. இங்கே தேநீர் என்று கேட்டால் இனிப்புக் கட்டிப்பால் ஊற்றித்தான் வரும். "தே ஓ கோசோங்" என்று கேள்: பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பால் வேண்டுமானால் "தே சி கோசோங்". "சியூ டாய்" என்றால் இனிப்புக் குறைவு, இல்லாமல் இல்லை, அதை நம்பாதே. குழம்பு, சாஸ் எல்லாவற்றிலும் ஒரு இனிப்பு ஒளிந்திருக்கும். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வந்தால் நம் இட்லி தோசை கிடைக்கும். உனக்குத் தெரிந்த கணக்கு.

இங்கே நடை அதிகம். ரயில் நிலையத்துக்குள் நடப்பதே ஒரு ஊர் நடை. வாய்க்கால் வரப்பில் நடந்தவள்தானே என்று நினைக்காதே. நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்த உடம்பு. பகலில் நடந்ததற்கு இரவில்தான் சர்க்கரை இறங்கும். படுக்கும் முன் பார், விடியற்காலை மூன்று மணிக்கும் முதல் நான்கு நாள் பார்.

இங்கத்தி மீட்டர்கள் வேறு அளவு காட்டும். 5.5 என்று வந்தால் பதறாதே. 18-ஆல் பெருக்கு, 99 வரும். 3.9 என்பது நம் 70. இன்சுலின் இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. அதனால் எல்லாமே இரண்டு மடங்கு எடுத்து வா. ஒரே பையில் வைக்காதே. பாதியைத் தோழியின் கைப்பையில் வை. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் அப்படித்தான். வாந்தி, காய்ச்சல் வந்தால் பார்க்கக் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா.

பயணக் காப்பீடு எடுக்கும்போது நோயை மறைக்காதே. விண்ணப்பத்தில் எழுது; இந்த நோயால் வரும் அவசரச் செலவைத் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

மாயவரத்து அண்ணன்:
திருச்சியில் பாதுகாப்புச் சோதனையில் பெண்களைத் திரைக்குப் பின்னால் பெண் காவலர் கையால் சோதிப்பார். அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடு. மருந்துப் பையைத் தனித் தட்டில் வைத்துக் கடிதத்தை அதன் மேல் வை. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் கையில் ஒட்டியிருந்தால் அதையும் காட்டு. உடம்பு முழுவதையும் படமெடுக்கும் கருவி வழியாகப் போகச் சொன்னால், கையால் சோதியுங்கள் என்று கேட்கலாம்.

குடமுருட்டிக்கரை (11 வாரம் கழித்து):
திரும்பி வந்துவிட்டேன். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து கை பரபரக்கிறது.

புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வரும் மூவரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். இலை போட்ட பிறகு, அவர்கள் முன்னாலேயே பேனாவை எடுத்து ஊசி போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மா சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். என் அறையில் தங்கவிருந்த கோயம்புத்தூர்ப் பெண், "எனக்கு எப்படிப் பார்ப்பது என்று காட்டு" என்று விரலை நீட்டினாள். அவளுக்கும் பார்த்தோம். 92.

திருச்சியில் பெண் காவலர் கடிதத்தைப் படித்தார், பையைத் திறந்து பார்த்தார், மூடிக் கொடுத்தார். அவ்வளவுதான். இரண்டு மாதம் நான் பயந்தது ஒரு நிமிடத்தில் முடிந்தது.

பயப்படாத இடத்தில்தான் அடி விழுந்தது. விடுதி அறையின் சின்ன ஃப்ரிட்ஜில் திறக்காத கார்ட்ரிட்ஜ் பெட்டியைப் பின்சுவரோடு ஒட்டி வைத்துவிட்டேன். மறுநாள் காலை எடுத்தால் அட்டையில் பனி ஒட்டியிருந்தது. கார்ட்ரிட்ஜைச் சாய்த்தேன், உள்ளே குமிழி நகரவில்லை. ஐந்தும் போயிற்று. என் வயிறு கலங்கியது. தோழியின் பையில் இருந்த பாதிதான் மீதி நாட்களை ஓட்டியது. தஞ்சாவூரார் ஐயா, அந்த ஒரு வரிக்கு உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நான்காம் நாள் மாலை நிறைய நடந்தோம். படுக்கும்போது 128. மூன்று மணிக்கு அலாரம் அடித்தது, நான் எழவில்லை. அவள் எழுந்து உலுக்கினாளாம். நான் "விடு, தூங்க வேண்டும்" என்று சண்டை போட்டேனாம். வாதாடாதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அவள் ஒன்றும் பேசாமல் என் விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்திருக்கிறாள். 52. எழுப்பி உட்கார வைத்துக் குளுக்கோஸைக் கரைத்துக் கையில் கொடுத்தாள். 15 நிமிடம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். 81 வந்தது. மறுநாள் மருத்துவரோடு போனில் பேசி இரவு ஊசியில் இரண்டு யூனிட் குறைத்தேன். அதன்பின் இரவில் இறங்கவில்லை.

மன்னார்குடி அத்தை:
அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் நன்றாக இருக்கட்டும். நான் சொன்னதை நீ கேட்காதது நல்லதாயிற்று, கண்ணு.

திருவாரூர் மருந்துக்கடை:
உறைந்த ஐந்தையும் தூக்கிப் போட்டாய் அல்லவா? எடுத்து வந்து பயன்படுத்தலாம் என்று வைத்திருக்காதே.

குடமுருட்டிக்கரை:
அன்றைக்கே போட்டுவிட்டேன், ஐயா. பயன்படுத்திய ஊசிமுனைகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி, அங்கே ஒரு மருந்தகத்தில் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேதாரண்யம் அம்மா:
அப்பா என்ன சொன்னார், மகளே?

குடமுருட்டிக்கரை:
விமான நிலையத்துக்கு வந்திருந்தார், அம்மா. வயல் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், வேட்டி ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்றுதான். 142 என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மருந்துப் பையை மட்டும், "அதை நீயே வைத்துக்கொள்" என்று என்னிடமே விட்டுவிட்டார்.